பதினோராவது பொருத்தம்

பொத்தேரிக் கலாசாலை மாணவர் பலருக்கு அமெரிக்கக் கனவு உண்டு. பெண்ணைக் கடல் கடந்து அனுப்பும் பெற்றோர், மாப்பிள்ளையின் சம்பளத்தை விசாரிக்கிறார்கள்; அத்தேசத்துச் சட்டத்தை விசாரிக்கிறார்களா?

பெல்காமைச் சேர்ந்த பல் வைத்தியர் சவிதா ஹலப்பனவர் 2012-இல் அயர்லாந்தில் கர்ப்பவதியாயிருந்தார். சிசு பிழைக்காதென்று தெரிந்தும், அதன் இருதயத் துடிப்பைக் காரணங்காட்டிக் கருக்கலைப்பு மறுக்கப்பட்டது. இரத்தத்தில் நஞ்சு பரவி, அக்டோபர் 28-இல் அவர் மாண்டார். 2018-இல் அந்நாட்டு ஜனங்கள் வாக்களித்துத் தடையை அகற்றினர்.

அமெரிக்காவிலோ, 2022-இல் உச்ச நீதிமன்றம் இவ்வுரிமைக்கிருந்த அரசியல் சாஸனப் பாதுகாப்பை நீக்கியது. நம்மவர் பலர் வாழும் டெக்ஸாஸில் ஏறக்குறைய முழுத் தடை. அங்கேயே இருப்பதா, பெயர்வதா? வேலை விசா முதலாளியோடு பிணைந்திருப்பதால் பெயர்வதும் சுலபமன்று.

நம் தேசத்தில் 1971-ஆம் வருஷச் சட்டம் நிபந்தனைகளுடன் இடந்தருகிறது. பத்துப் பொருத்தம் பார்க்கும் நாம், பதினோராவதாக, போகும் நாட்டின் சட்டத்தையும் பார்த்தல் நன்றல்லவா?