ஆலைக் கத்தியின் ஒருசீர்மை

கடையில் அடுக்கி வைத்திருக்கும் கத்திகளுள் ஒன்றை எடுத்துப் பார்ப்பார்க்கு அதன் பளபளப்புத் தெரியும், கைப்பிடியின் வடிவு தெரியும், விலையும் தெரியும். தெரிய வேண்டுவது மட்டும் தெரியாது. இவ்வலகு எத்துணை நாள் மழுங்காதிருக்கும், எலும்பிற் பட்டால் வளையுமோ ஒடியுமோ என்பன கண்ணுக்குப் புலனாவன அல்ல. ஊர்க் கொல்லனிடம் வாங்கின கத்தி சரியில்லையெனின் மறுநாள் அவன் பட்டறைக்கே சென்று கேட்கலாம். ஆயிரக்கணக்கிற் செய்து கடல் கடந்து விற்கும் தொழிற்சாலையை அங்ஙனம் கேட்டல் எளிதன்று. ஆகவே ஆலைக் கத்தியின் தரத்தை அறிய வேண்டின், அவற்றுள் மிகச் சிறந்தது எது என்று வினவுதல் பயனின்று. மிகத் தாழ்ந்தது எவ்வளவு தாழ்ந்தது என்றே வினவல் வேண்டும். நம் கைக்கு எது வருமென்று அறிந்தார் யாருமிலர் அன்றோ?

இக்கவலை புதிதன்று. கத்தித் தொழிலுக்குப் பேர்பெற்ற இங்கிலாந்து தேசத்து ஷெஃபீல்டு நகரில் 1624-ஆம் ஆண்டிலேயே பார்லிமெண்டுச் சட்டத்தின்படி ஒரு தொழிற்கழகம் ஏற்பட்டது. தொழிலாளர் தத்தம் முத்திரையைப் பதிவு செய்து, தாம் செய்த பொருளிற் பொறித்து வந்தனர். முத்திரை, பிழை யாருடையது என்று காட்டுமேயன்றிப் பிழை நேராமற் காக்காது. காப்பதற்கு இரும்பும் நெருப்பும் மனிதன் சொற்படி நிற்றல் வேண்டும்.

முதலில் இரும்பு. அக்காலத்து எஃகு, இரும்புப் பாளங்களைக் கரித்தூளிற் புதைத்துப் பல நாள் காய்ச்சிச் செய்யப்பட்டது. கரிச்சத்து மேற்புறத்தில் மிகுந்தும் உட்புறத்திற் குறைந்தும் நிற்குமாதலின், ஒரே பாளத்திலிருந்து செய்த இரு கத்திகளும் ஒத்திரா. பெஞ்சமின் ஹண்ட்ஸ்மன் என்னும் கடிகாரத் தொழிலாளர், கடிகார வில்லுக்கு ஒரே தன்மையுள்ள எஃகு கிடையாமையால் முயன்று, 1740-ஆம் ஆண்டை ஒட்டி, எஃகை மண்குகையிலிட்டு முற்றும் உருக்கி வார்க்கும் முறையைக் கண்டார். உருகிய பொருளில் கரி எங்கும் ஒப்பப் பரவிவிடும். எஃகுக்குத் தமிழில் 'உருக்கு' என்னும் பெயர் வழங்குதலும், கொடுமணலில் குகையிலிட்டு எஃகு செய்தமைக்கு அகழாய்விற் சான்று கிடைத்திருத்தலும் தமிழ் பயில்வார் ஈண்டு நினைத்தற்குரியன.

எஃகு சீரானதும் கத்தியும் சீராகிவிட்டதோ எனின், இல்லை. கத்திக்கு உயிர் கொடுப்பது நெருப்பு. அலகைச் செந்நிறம் வரக் காய்ச்சி, எண்ணெயிலோ நீரிலோ சடுதியில் தோய்த்தால் அது கண்ணாடி போற் கடினமாகும். உடனே ஒடியும் இயல்பும் பெறும். மீண்டும் மெல்லச் சூடேற்றினால் கடினத்திற் சிறிது குறைந்து உறுதி மிகும். இவ்விரண்டு சூடுகளையும் பழைய தொழிலாளர் நிறத்தைக் கொண்டே அறிந்தனர். அவர்தம் கண்ணின் கூர்மை வியக்கத்தக்கதே. ஆயினும் வெயில் அடிக்கும் அறையில் மங்கலாகத் தோன்றும் செந்நிறம் இருண்ட அறையில் ஒளியுடன் தோன்றும். காலையிற் செய்த கத்தியும் மாலையிற் செய்த கத்தியும் வேறுபட இதுவே போதும்.

கண்ணை மட்டும் நம்பியதன் விளைவை ஹாரி பிரியர்லியின் வரலாறு நன்கு விளக்கும். அவர் துப்பாக்கிக் குழல் தேய்வதைப் பற்றி ஷெஃபீல்டில் ஆராய்ந்தவர். 1913-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில், நூற்றுக்கு ஏறத்தாழ 13 பங்கு குரோமியம் கலந்த எஃகை வார்ப்பித்தார். அது துருவுக்கும் காடிக்கும் அசையாதிருத்தலைக் கண்டு, கத்திக்கு ஏற்றதென எண்ணிக் கத்தி செய்வோரிடம் கொடுத்தார். அவர்களோ, இது தீட்டவும் வராது, கூரும் நில்லாது என்று கைவிட்டனர். வெட்டாத கத்தியைக் கண்டுபிடித்தவர் என்று அவரை ஏளனமும் செய்தனர். எஃகிற் குறையில்லை, பழகிய நிறத்தோடு நிறுத்திவிட்டதே குறை. துருவேறா எஃகைப் பழைய எஃகினும் ஏறத்தாழ 200 சென்டிகிரேடு பாகை மிகுதியாகக் காய்ச்சினாலன்றி அது கடினமடையாது. பின்னர் எர்னஸ்ட் ஸ்டூவர்ட் என்னும் கத்தித் தொழில் வல்லுநர் பிரியர்லியின் உதவியோடு சூட்டை அளந்து செய்தபோது அதே எஃகு நல்ல கத்தியாயிற்று. திறமையுள்ள கைகளும் புதிய பொருளின்முன் இங்ஙனம் தடுமாறுமாயின், அளவுகோலின் இன்றியமையாமை கூறாமலே விளங்கும். 1931-இல் சுவிட்ஜர்லாந்தின் ஈபாக் என்னும் ஊரில் உள்ள விக்டோரினாக்ஸ் ஆலை, முழுதும் மின்சாரத்தால் இயங்கும் காய்ச்சுலைகளை அமைத்துக்கொண்டது இக்கருத்துப் பற்றியே.

நிற்க. காய்ச்சிய அலகு வேண்டிய கடினம் பெற்றதா என்று அறிவது எங்ஙனம்? அமெரிக்காவில் ராக்வெல் என்னும் பெயருடைய இருவர் 1914-இல் ஒரு கருவிக்கு உரிமைச் சாசனம் வேண்டி விண்ணப்பித்தனர். 1919-இல் அது கிடைத்தது. வைரக் கூம்பொன்றை முதலில் 10 கிலோ பாரத்தால் எஃகின்மேல் ஊன்றுவர். பின் பாரத்தை 150 கிலோவாக ஏற்றி, மறுபடி 10 கிலோவாக இறக்குவர். கூம்பு எவ்வளவு கூடுதலாகப் புதைந்து நின்றது என்பதே கணக்கு. ஒவ்வொரு 0.002 மில்லிமீட்டருக்கும் நூற்றிலிருந்து ஒரு எண் கழியும். ஐரோப்பியச் சமையற்கத்திகள் பலவற்றிற்கும் எண் 54 முதல் 58 வரையாகும். 56 எனின் கூம்பு 0.088 மில்லிமீட்டர் புதைந்தது என்பது பொருள். 54-க்கும் 56-க்கும் இடையே உள்ள ஆழ வேற்றுமை 0.004 மில்லிமீட்டரே, தலைமயிரின் பருமனில் மிகச் சிறு பகுதி! ஜப்பானியக் கத்திகளிற் பல 60-ஐயும் கடக்கும். அவை நெடுநாள் கூர் நிற்பினும், எலும்பிற் பட்டால் விளிம்பு உதிர்தல் எளிது. எல்லோர் கைக்கும் செல்லும் கத்திக்கு நடுவெண்ணைக் கொள்வதே தக்கதென்பது என் துணிபு.

எண் கிடைத்தபின் அதைக்கொண்டு என் செய்வது என்பது வேறொரு கலை. 1924-இல் அமெரிக்கரான வால்டர் ஷூஹார்ட் இதற்கு வழி வகுத்தார். எவ்வளவு கருத்தாகச் செய்யினும் பொருள்கள் இயல்பாகவே சற்று வேறுபடும். அவ்வேறுபாட்டிற்கு ஓர் எல்லை உண்டு. எல்லைக்குள் நிற்கும் எண்ணைக் கண்டு உலையைக் கூட்டியும் குறைத்தும் அலைப்பவன் வேறுபாட்டை மிகுவிப்பானேயன்றிக் குறையான். எல்லையைக் கடந்தபோது மட்டும் காரணம் தேடுக என்பது அவர் நெறி. கைத்தொழிலாளனது பொறுமையை வரைபடத்தில் எழுதினாற்போன்றது இது.

இத்தனைக்குப் பின்னும் ஓர் ஏமாற்றம் எஞ்சியுள்ளது. கத்தியின் விளிம்பு மிக மெல்லியது. இறுதியிற் சாணை பிடிக்கும்போது நீர் குறைந்தாலோ, கை அழுத்தம் மிகுந்தாலோ, அம்மெல்லிய விளிம்பு மட்டும் சூடேறி இளகிவிடும். அங்கே தோன்றும் நீலச்சாயலை மெருகு துடைத்துவிடும். அலகின் நடுவில் ராக்வெல் எண் 56 என்றே காட்டும். விளிம்போ தக்காளித் தோலிலும் வழுக்கும். ஆதலால் வெட்டிப் பார்த்தே அறியும் சோதனையொன்றைப் பன்னாட்டுத் தரநெறியிற் சேர்த்துள்ளனர். நுண்மணல் கலந்த காகித அட்டைகளை அடுக்கி, அளந்த பாரத்துடன் இயந்திரம் கத்தியை 60 முறை முன்னும் பின்னும் இழுக்கும். முதல் மூன்று இழுப்பில் வெட்டிய ஆழம் தொடக்கக் கூரையும், அறுபதின் கூட்டுத்தொகை கூர் நிலைக்கும் தன்மையையும் காட்டும். சோதித்த கத்தியோ கூரிழந்துபோகும். அதை அப்படியே பெட்டியிலிட்டு விற்றல் ஆகாது. ஆகவே நூற்றுக்கணக்கானவற்றுள் ஒரு சிலவே இச்சோதனைக்குச் செல்கின்றன. நாம் வாங்குவது என்றும் சோதியாத கத்தியையே.