காட்டன் குடும்பங்கள் இரண்டு: காவிரிப் படுகையில் ஓர் ஆங்கில வணிகக் குடும்பத்தின் மரபுவழியும் நினைவுச்சின்னங்களும்

ஆய்வுச்சுருக்கம்

திருச்சிராப்பள்ளி, தஞ்சாவூர் வட்டாரங்களின் பத்தொன்பதாம் நூற்றாண்டு ஆவணங்களில் ‘காட்டன்’ என்னும் குடும்பப்பெயர் பலமுறை வருகிறது. அப்பெயரைக் கண்டதும் முக்கொம்பில் மேலணை கட்டிய பொறியாளர் ஆர்தர் காட்டனை நினைப்பது இயல்பு. ஆயினும், கிழக்கிந்தியக் கம்பெனியின் கடல் வணிகத்தில் வேர்கொண்ட வேறொரு காட்டன் குடும்பமும் இதே படுகையில் இரு தலைமுறைகள் பணியாற்றியது. அக்குடும்பத்தின் வழிமுறையை நிரல்படுத்துவதும், கல்லறைச் சான்றுகளின் பயனையும் எல்லையையும் விளக்குவதும் இக்கட்டுரையின் நோக்கங்கள்.

திறவுச்சொற்கள்: குடிவழி, கல்லறைப் பொறிப்பு, கிழக்கிந்தியக் கம்பெனி, ஜோசப் காட்டன், ஜூலியன் ஜேம்ஸ் காட்டன், திருச்சிராப்பள்ளி, கும்பகோணம்.

முன்னுரை

ஐரோப்பியர் குறித்த வட்டார வரலாற்று ஆய்வுகள் பெரும்பாலும் குடும்பப்பெயரைச் சான்றாகக் கொண்டே நகர்கின்றன. ஒரே பெயர் இரண்டு ஆவணங்களில் காணப்பட்டால் அவ்விருவரும் ஒருவரே என்றோ உறவினர் என்றோ முடிவு செய்யப்படுகிறது. நம் மரபில் ஊர்ப்பெயரும் தந்தை பெயரும் ஒருவரை அடையாளப்படுத்துவதுபோல, ஆங்கிலேயரிடம் குடும்பப்பெயர் மட்டும் தனித்து நின்று அடையாளம் தருவதில்லை. காட்டன் என்னும் பெயர் இதற்குத் தக்க எடுத்துக்காட்டு. இப்பெயரில் மற்றுமொரு சிக்கலும் உண்டு. கம்பெனி ஆவணங்களின் அட்டவணைகளில் இச்சொல்லைத் தேடினால் மனிதர்களைவிடப் பருத்தியும் பருத்தித் துணிமூட்டைகளுமே மிகுதியாகக் கிடைக்கும். எனவே முன்பெயர், பதவி, ஆண்டு ஆகியவற்றோடு சேர்த்தே தேட வேண்டும்.

பெயர் ஒன்று, குடி இரண்டு

முதற்குடி செஷயர் மாவட்டத்துக் கோம்பர்மியர் நிலக்கிழார் குடி. ஆர்தர் காட்டன் (1803–1899) இக்குடியினர். அவர் தந்தை ஹென்றி கால்வலி காட்டன், பாரோனட் பட்டம் பெற்ற சர் லிஞ்ச் காட்டனின் மகன். 1826இல் பரத்பூர்க் கோட்டையைக் கைப்பற்றிய கோம்பர்மியர் பிரபு, ஆர்தருக்குப் பெரியப்பா மகன். கொள்ளிடத்தின் குறுக்கே முக்கொம்பில் மேலணையும் அணைக்கரையில் கீழணையும் 1836இல் உருவானபோது அவற்றை வடிவமைத்தவர் இவரே. இக்குடியின் பின்னணி நிலவுடைமையும் படைப்பணியும், வணிகம் அன்று.

இரண்டாம் குடி செயின்ட் ஆல்பன்ஸ் நகரத்து மருத்துவர் நத்தானியல் காட்டனின் வழியில் வந்தது. கவிஞர் வில்லியம் கூப்பருக்கு மனநோய் மருத்துவம் செய்தவர் இவர். இவர் மகன் ஜோசப் காட்டன் (1745–1825) முதலில் கடற்படையிலும் பின்னர்க் கம்பெனிக் கப்பல்களிலும் பணியாற்றி, ‘ராயல் சார்லட்’ என்னும் கப்பலின் தலைவரானார். கம்பெனிக் கப்பலின் தலைவருக்குச் சரக்கறையின் ஒரு பகுதியைத் தம் சொந்த வணிகத்துக்குப் பயன்படுத்தும் உரிமை இருந்தது. மாலுமியாகத் தொடங்கிய ஒருவர் சில கடற்பயணங்களிலேயே செல்வமுள்ள வணிகராக இயன்றது இவ்வாறுதான். ஜோசப் 1795 முதல் 1823 வரை கம்பெனியின் இயக்குநர்களுள் ஒருவராக இருந்தார். கலங்கரை விளக்கங்களை மேற்பார்த்த டிரினிட்டி ஹவுஸ் நிறுவனத்தின் துணைத்தலைவராகவும் விளங்கினார்.

வணிகத்திலிருந்து ஆட்சிப்பணிக்கு

ஜோசப்பின் மக்களுள் இருவர் இரு திசைகளில் சென்றனர். வில்லியம் காட்டன் (1786–1866) லண்டனிலேயே வணிகத்தில் நிலைத்து, 1842 முதல் 1845 வரை இங்கிலாந்து வங்கியின் ஆளுநராக இருந்தார். பொற்காசுகளின் எடையைத் தானே சரிபார்க்கும் பொறியை அமைத்தவர் என்னும் புகழும் அவருக்கு உண்டு. மற்றொரு மகன் ஜான் காட்டன் சென்னை மாகாண ஆட்சிப்பணியில் சேர்ந்து தஞ்சாவூர்க் கலெக்டரானார்; பின்னர்த் தாயகம் திரும்பித் தந்தையைப் போலக் கம்பெனியின் இயக்குநருமானார்.

இம்மாற்றத்துக்கு இரு காரணங்களைக் காட்டலாம். முதலாவது, 1813ஆம் ஆண்டுப் பட்டயச் சட்டம் இந்திய வணிகத்தில் கம்பெனிக்கிருந்த தனியுரிமையை நீக்கியது. 1833ஆம் ஆண்டுச் சட்டம் அதன் வணிகத்தையே முடிவுக்குக் கொண்டுவந்தது. இரண்டாவது, வணிகம் சுருங்கிய பின்னரும் ஆட்சிப்பணிக்கு இளைஞரைப் பரிந்துரைக்கும் உரிமை இயக்குநர்களிடமே இருந்தது. 1853ஆம் ஆண்டுச் சட்டம் அவ்வுரிமையை நீக்கிப் போட்டித்தேர்வுக்கு வழிவகுக்கும்வரை, இயக்குநர் குடும்பங்களுக்கு இந்தியப் பதவி ஏறத்தாழ ஒரு குடும்பச் சொத்தாகவே இருந்தது. ஜானின் மகன் ஜோசப் ஜான் காட்டனும் சென்னை மாகாணப் பணியில் சேர்ந்தார். அவருக்கும் சூசன் ஜெஸ்ஸி மின்சினுக்கும் 1845 செப்டம்பர் 13 அன்று கும்பகோணத்தில் பிறந்தவரே சர் ஹென்றி காட்டன்.

ஹென்றியின் தலைமுறையில் குடும்பப் பரிந்துரையின் காலம் முடிந்துவிட்டது. அவர் தேர்வின் வழியாகவே வங்காளப் பணியில் நுழைந்தார். அசாமின் தலைமை ஆணையராக இருந்தபோது தேயிலைத் தோட்டக் கூலிகளுக்காகக் குரல் கொடுத்துத் தோட்ட முதலாளிகளின் பகையைத் தேடிக்கொண்டார். 1904இல் பம்பாயில் கூடிய இந்திய தேசிய காங்கிரசுக்குத் தலைமை தாங்கினார். கம்பெனியின் இலாபத்தால் உயர்ந்த குடும்பத்தின் நான்காம் தலைமுறை, அவ்வாட்சியைக் கேள்விக்குட்படுத்திய பேரவையின் தலைமையில் அமர்ந்தது. குடிவழி ஆய்வு வெறும் பெயர்ப்பட்டியலாக நின்றுவிடாமல் சமூக வரலாறாக விரிவது இத்தகைய இடங்களில்தான்.

ஒரு கையொப்பமும் மூன்று பெயர்களும்

ஆளுநர் தாமஸ் மன்றோ 1822இல் ஆணையிட்ட கல்விக் கணக்கெடுப்புக்குத் தஞ்சாவூரிலிருந்து 1823 ஜூன் 28ஆம் நாளிட்ட அறிக்கை சென்றது. மாவட்டத்தில் 884 பள்ளிகளும் 109 உயர்கல்வி நிலையங்களும் இருந்தன என்னும் கணக்கு அதிலிருந்து பெறப்படுவது. அதில் உள்ள கையொப்பம் ‘ஜே. காட்டன்’. இம்முதலெழுத்து ஜான், ஜோசப் ஜான், ஜூலியன் ஆகிய மூவருக்கும் பொருந்தும். ஆண்டும் பதவியும் சேரும்போதுதான் அது ஜானையே குறிக்கிறது என்பது தெளிவாகிறது. ஜோசப் ஜான் அப்போது பணிவயதை எட்டவில்லை. ஜூலியன் பிறக்கவே இல்லை. ஆர்தர் காட்டன் காவிரிப் பாசனப் பணிக்கு வந்தது இதற்குச் சில ஆண்டுகள் பிந்தி. ஒரே படுகையில், அடுத்தடுத்த ஆண்டுகளில், வருவாய்த்துறையில் ஒரு காட்டனும் பாசனத்துறையில் ஒரு காட்டனும் பணிபுரிந்தமையே இரு குடிகளும் ஒன்றாகக் கருதப்படுவதற்கு முதன்மையான காரணம்.

கல் சொல்வதும் சொல்லாததும்

குடிவழி ஆய்வாளர் முதலில் நாடுவது கல்லறைகளை. அவை தரும் பயனுக்குச் சென்னைச் சட்டக்கல்லூரி வளாகத்தின் ஹின்மர்ஸ் கல்லறை சான்றாகும். கம்பெனி வணிகரும் ஆட்சிக்குழு உறுப்பினருமான ஜோசப் ஹின்மர்ஸ் 1680இல் இறந்தார். அவர் மனைவி கேத்தரின் அதே ஆண்டு நவம்பர் 4 அன்று கோட்டையிலுள்ள புனித மேரி தேவாலயத்தில் எலிஹு யேலை மணந்தார். அவர்கள் மகன் டேவிட் 1688இல் இறந்தபோது, தாயின் முதற்கணவருடைய கல்லறையிலேயே அடக்கம் செய்யப்பட்டான். இரு வணிகக் குடும்பங்களை இணைத்த பெண்ணின் வழியை, தந்தைவழிப் பட்டியல் எதுவும் காட்டாத நிலையில், இக்கல்லறை காட்டிவிடுகிறது.

கல் இடம்பெயரக்கூடியது என்பதையும் இவ்விடமே உணர்த்துகிறது. 1758–59இல் பிரெஞ்சுப் படை சென்னையை முற்றுகையிட்டபோது இப்பழைய இடுகாட்டின் கல்லறைகள் எதிரிக்கு மறைவிடமாயின. முற்றுகை நீங்கியபின் இடுகாடு அகற்றப்பட்டுப் பொறிப்புக் கற்கள் கோட்டைத் தேவாலய வளாகத்துக்குக் கொண்டுசெல்லப்பட்டன. ஆகவே அங்கே ஒரு கல் கிடப்பதால் அதன்கீழ் ஓர் உடல் இருப்பதாகக் கொள்ளலாகாது. எஞ்சி நின்ற ஹின்மர்ஸ் கல்லறையையும் இடம் மாற்றுமாறு 2023இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் ஆணை ஒன்று பிறந்தது. இத்தகைய சின்னம் நின்ற இடத்தை முன்கூட்டியே அளந்து பதிந்துவைப்பதன் தேவையை இது வலியுறுத்துகிறது.

கல்லறைக்கு மற்றொரு பெரிய எல்லையும் உண்டு. அது ஓரிடத்தில் இறந்தவரைக் காட்டும். அங்கே பிறந்தவரையும் வாழ்ந்து சென்றவரையும் காட்டாது. திருச்சிராப்பள்ளியில் 1826 ஏப்ரல் 3 அன்று இறந்த பேராயர் ஹீபர் அங்குத் தங்கியது சில நாள்களே; ஆயினும் புனித யோவான் தேவாலயத்தில் அவருக்குக் கல்லறை உண்டு. தஞ்சாவூர் மாவட்டத்தை ஆண்டு தாயகம் திரும்பிய ஜான் காட்டனையோ, கும்பகோணத்தில் பிறந்து மூன்று வயதில் கப்பலேறிய ஹென்றியையோ இடுகாடுகளில் தேடிப் பயனில்லை. அவர்களைத் திருமுழுக்கு, திருமணப் பதிவேடுகளிலேயே தேட வேண்டும். சென்னை மாகாணத் தேவாலயப் பதிவுகளின் படிகள் பிரிட்டிஷ் நூலகத்தின் இந்திய அலுவலக ஆவணங்களில் தனி வரிசையாகப் பேணப்படுகின்றன. பதவி மாற்றங்களை எழும்பூர்த் தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தின் வருவாய்த்துறைப் பதிவுகளில் தொடரலாம்.

ஜூலியன் காட்டனின் பட்டியல்

ஹென்றியின் மக்கள் இருவரும் வரலாற்றாசிரியராயினர். இவான் காட்டன் கல்கத்தா நகர வரலாற்றை 1907இல் நூலாக்கினார். சென்னை மாகாண ஆட்சிப்பணியில் இருந்த ஜூலியன் ஜேம்ஸ் காட்டன், மாகாணத்தின் வரலாற்றுச் சிறப்புள்ள கல்லறைப் பொறிப்புகளையும் நினைவுச்சின்னங்களையும் தொகுத்து 1905இல் அரசு அச்சகத்தின் வழி வெளியிட்டார். மாவட்டவாரியாக அமைந்த அத்தொகுப்பு, பொறிப்பின் வாசகத்தோடு இறந்தவரின் பதவி, உறவு குறித்த குறிப்புகளையும் தருகிறது. பொறிப்புகள் சிதைந்துபோன இடங்களில் இன்று அந்நூலே கல்லுக்கு ஈடாக நிற்கிறது.

எனினும் அந்நூலைப் பயன்படுத்துவோர் அதன் தேர்வு அளவுகோலை மறக்கலாகாது. வரலாற்றுச் சிறப்புடையவை எனத் தொகுப்பாசிரியர் கருதியவையே அதில் இடம்பெற்றன. எளிய படைவீரர்கள், குழந்தைகள், ஐரோப்பியருக்கும் இந்தியருக்கும் பிறந்தோர் ஆகியோரின் கற்கள் பல அதில் இல்லை. ஒருவர் பெயர் அதில் காணப்படாமை அவர் இங்கே புதைக்கப்படவில்லை என்பதற்குச் சான்றாகாது. இவ்விடைவெளியை நிரப்பக் களப்பதிவு இன்றியமையாதது. தென்னாசியாவிலுள்ள ஐரோப்பியக் கல்லறைகளுக்கென 1976இல் பிரிட்டனில் தோன்றிய சங்கம் இப்பணியில் ஈடுபட்டுள்ளது. திருச்சிராப்பள்ளிக் கல்லூரிகளின் வரலாற்றுத் துறைகள் தத்தம் சுற்றுப்புற இடுகாடுகளைப் படம், அளவு, வாசகம், கல்லின் நிலை என நான்கு கூறுகளில் பதிந்தால் 1905ஆம் ஆண்டுத் தொகுப்போடு ஒப்பிட்டு இழப்பையும் அறியலாம்.

முடிவுரை

மேற்கண்டவற்றால் மூன்று முடிவுகள் பெறப்படுகின்றன. ஒன்று, குடும்பப்பெயர் ஒற்றுமை உறவுக்குச் சான்றன்று. ஆண்டு, பதவி, தாய்வழி ஆகிய மூன்றும் பொருந்திய பின்னரே குடிவழி உறுதிப்படும். இரண்டு, கல்லறையும் பதிவேடும் ஒன்றையொன்று நிரப்புபவை. ஒன்றின் மௌனத்தை மற்றொன்றில் கேட்க வேண்டும். மூன்று, நினைவுச்சின்னம் என்பது கல் மட்டுமன்று. கோம்பர்மியர்க் காட்டன் குடிக்குக் காவிரியின் அணைகள் நினைவுச்சின்னங்களாயின. அவற்றுள்ளும் கொள்ளிடம் மேலணையின் ஒன்பது மதகுகள் 2018 ஆகஸ்ட் 22 அன்று வெள்ளத்தில் சென்றன. வணிகக் காட்டன் குடி இப்படுகையில் விட்டுச்சென்றவை ஒரு கல்விக் கணக்கறிக்கையும் பிறர் கல்லறைகளின் பட்டியலும் ஆகும். இரண்டும் தாளில் நிற்பவை. இரண்டும் இன்றைய ஆய்வாளரின் அன்றாடக் கருவிகள். அவற்றை எழுதியவர் எந்தக் காட்டன் என்பதைச் சரியாகக் குறிப்பது, அவற்றை மேற்கோள் காட்டும் ஒவ்வொருவரின் முதற்கடமை.