ஈறுக்குள் ஒளிந்திருக்கும் காரை

மஞ்சக்குப்பத்தில் உள்ள எங்கள் பல் மருத்துவப் பிரிவுக்கு வருவோரிடமிருந்து நாங்கள் மிகுதியாகக் கேட்கும் கேள்வி இது: "பல்லைச் சுத்தம் பண்ணினா ஆட்டம் கண்டுடுமாமே டாக்டர்?" இதனை அறியாமை என்று ஒதுக்கிவிட நாங்கள் விரும்பவில்லை. இந்த அச்சத்தில் பாதி உண்மை இருக்கிறது. அந்தப் பாதியை முன்கூட்டியே விளக்காமல் விடுவதால்தான், ஒரு பக்கம் சுத்தம் செய்துகொண்டவர்கள் மறுபக்கத்திற்கு வராமலே நின்றுவிடுகின்றனர்.

பல்லின் மேல் நாள்தோறும் படியும் கிருமிப் படலத்தைத் துலக்கி அகற்றாவிட்டால், உமிழ்நீரிலுள்ள தாதுக்கள் அதில் சேர்ந்து கல்போல் இறுகிவிடுகின்றன. இதுவே பற்காரை. கண்ணுக்குத் தெரியும் காரையைவிட ஈறுக்கு அடியில் வேரையொட்டிப் படிந்திருப்பதே தீங்கானது. அதன் மேலுள்ள கிருமிகளை எதிர்த்து உடல் நடத்தும் போராட்டத்தில் ஈறு வீங்கிப் பல்லிலிருந்து விலகுகிறது. நாளடைவில் பல்லைத் தாங்கும் எலும்பும் கரைகிறது. ஈறு விலகிய அந்தப் பள்ளத்தை ஈற்றுப்பை என்கிறோம்.

பரிசோதனையின்போது "மூன்று, இரண்டு, ஆறு" என்று நாங்கள் எண்களைச் சொல்லச் செவிலியர் எழுதிக்கொள்வதைக் கவனித்திருப்பீர்கள். ஒவ்வொரு பல்லைச் சுற்றியும் ஆறு இடங்களில் அந்தப் பள்ளத்தின் ஆழத்தை மில்லிமீட்டரில் அளக்கிறோம். 1 முதல் 3 வரை இருந்தால் கவலையில்லை. 4 மி.மீ. அல்லது அதற்கு மேல் இருந்து, தொட்டதும் இரத்தம் கசிந்தால், அங்கே உங்கள் தூரிகை சென்று சேராது.

கடலோரத்தில் வாழும் நமக்கு உப்பேறிய சுவரைப் பற்றி விளக்க வேண்டியதில்லை. பூச்சு உதிரும் சுவரின் மேல் எத்தனை முறை வெள்ளையடித்தாலும் நிற்பதில்லை. சுரண்டி எடுத்த பிறகே மறுபூச்சு பிடிக்கும். ஈறும் அப்படித்தான். மேற்பரப்பை மட்டும் துப்புரவு செய்வது ஒரு சிகிச்சை. ஈறுக்கு அடியில் சென்று வேரிலுள்ள காரையை அகற்றி, வேரின் பரப்பைச் சீராக்குவது வேறொரு சிகிச்சை. இரண்டையும் 'கிளீனிங்' என்ற ஒரே சொல்லால் குறிப்பது எங்கள் பிழைதான். அதனாலேயே நோயாளிகள் குழம்புகின்றனர்.

ஆழ்சுத்தத்தின்போது மரத்துப்போகும் ஊசி போடுகிறோம். அதிர்வுக் கருவியால் தண்ணீர் பீய்ச்சியவாறு காரையை உடைத்து, பின்னர் மெல்லிய கைக்கருவிகளால் வேரை வழிக்கிறோம். பெரும்பாலும் ஒரு முறைக்கு வாயின் ஒரு பக்கம் மட்டுமே செய்கிறோம். மறுபக்கத்தால் அன்றைக்கு உணவு உண்ணலாம்.

இனி, அந்தப் பாதி உண்மைக்கு வருவோம். சிகிச்சைக்குப் பிறகு பல் சற்று ஆடுவதுபோல் தோன்றக்கூடும். எலும்பு முன்பே கரைந்திருக்க, அடுத்தடுத்த பற்களை ஒட்டிப் பிடித்திருந்தது காரைதான்; அது நீங்கியதும் மறைந்திருந்த ஆட்டம் வெளிப்படுகிறது. வீக்கம் வடிந்து ஈறு சுருங்குவதால் பல்லிடுக்கில் இடைவெளி தெரியும். குளிர்ந்த நீர் சில வாரங்களுக்குக் கூசும். இவை யாவும் ஈறு ஆறுவதோடு சேர்ந்து வருபவை. பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் ஈறு பல்லை இறுகப் பற்றி, ஆட்டமும் குறைகிறது. ஆயினும் கரைந்த எலும்பு இச்சிகிச்சையால் முழுமையாகத் திரும்ப வளர்வதில்லை. இருப்பதைக் காப்பதே நோக்கம். மிகவும் தளர்ந்துவிட்ட சில பற்களைக் காப்பாற்ற இயலாமலும் போகலாம்; அதை முதல் நாளே சொல்லிவிடுகிறோம்.

முதுநகரிலிருந்து வந்த ஓர் அம்மையார், வலப்பக்கம் முடிந்த பின் இந்த இடைவெளியைக் கண்டு அஞ்சி, வராமல் இருந்துவிட்டார். ஓராண்டுக்குப் பின் இடப்பக்கத்து வீக்கத்தோடு வந்தார். 'கெடுத்துவிட்டார்கள்' என்று அவர் எண்ணியிருந்த வலப்பக்கத்தில் இரத்தக் கசிவே இல்லை. இடப்பக்கத்துக் கடைவாய்ப் பற்களில் இரண்டை எடுக்க நேர்ந்தது.

அவருக்கு நீரிழிவும் இருந்தது. இவ்விரு நோய்களும் ஒன்றையொன்று வளர்ப்பவை. ஈறு நோய்க்குச் சிகிச்சை பெற்ற நீரிழிவு நோயாளிகளின் மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை அளவு, மூன்று நான்கு மாதங்களில் ஏறத்தாழ 0.4 விழுக்காட்டுப் புள்ளி குறைந்ததை, பல ஆய்வுகளைத் தொகுத்து 2022-இல் வெளியான காக்ரேன் மதிப்பாய்வு காட்டியது. மாத்திரைக்கு இது மாற்றாகாது. எனினும் சிறிய பயனன்று. 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டிலேயே சர்க்கரை மாத்திரை பெறும் பெரியவர்கள் பல்லைக் காட்ட ஒரு முறையேனும் வெளியே வரவேண்டும். வரும் நாளில் வழக்கம்போல் உணவும் மருந்தும் எடுத்துக்கொண்டே வாருங்கள்; வெறும் வயிற்றோடு வரவேண்டாம்.

இரத்தம் உறையாமலிருக்க மருந்து உட்கொள்வோர், இதய வால்வு மாற்றிக்கொண்டோர், கருவுற்றோர் ஆகியோர் முன்னரே தெரிவிக்க வேண்டும். எந்த மருந்தையும் தாமாக நிறுத்தலாகாது. புகையிலைப் பழக்கமுள்ளோருக்குத் தனியே ஒரு சொல்: நிக்கோடின் இரத்தக் குழாய்களைச் சுருக்குவதால் உங்கள் ஈறில் இரத்தம் கசியாமலே நோய் முற்றக்கூடும். இரத்தம் வரவில்லையே என்று இருந்துவிடாதீர்கள்.

வீட்டில் வெதுவெதுப்பான உப்பு நீரால் கொப்பளிக்கலாம். இரத்தம் வருகிறதென்று அந்த இடத்தைத் துலக்காமல் விடுவதே பலர் செய்யும் தவறு. மென்மையான தூரிகையால் மெதுவாகத் துலக்க வேண்டும். இடைவெளி தெரியும் பல்லிடுக்குகளுக்கென்றே சிறு தூரிகைகள் கிடைக்கின்றன. அளவை நாங்கள் பார்த்துச் சொல்கிறோம். குளோர்ஹெக்சிடின் கொப்பளிப்பு மருந்தை நாங்கள் சொன்ன நாள்களுக்கு மேல் தொடர்ந்தால் பல்லில் பழுப்புக் கறை ஏறும். காய்ச்சலோ, வீக்கமோ, நிற்காத இரத்தமோ இருந்தால் மறுநாளுக்குக் காத்திராமல் வாருங்கள்.

இரண்டு, மூன்று மாதங்களில் மீண்டும் அளக்கிறோம். 6 மி.மீ. அல்லது அதற்கு மேல் ஆழமான பைகள் எஞ்சியிருந்தால் ஈற்றைத் திறந்து செய்யும் அறுவைச் சிகிச்சை தேவைப்படலாம். அதற்குச் சிதம்பரத்தை அடுத்த அண்ணாமலைநகரில், 1980-இல் ராஜா முத்தையா பல் மருத்துவக் கல்லூரியாகத் தொடங்கி 2021-இல் அரசுடைமையான கல்லூரியின் ஈறு நோய்ப் பிரிவு இருக்கிறது. அளவுகள் எழுதிய அட்டையையும் எக்ஸ்ரே படங்களையும் உடன் கொண்டு செல்லுங்கள். அறுவை தேவைப்படாதோரும் தொடக்கத்தில் மூன்று மாதங்களுக்கு ஒருமுறை வரவேண்டும். அகற்றிய கிருமிகள் அதற்குள் மீண்டும் குடியேறத் தொடங்கிவிடும்.

அந்த அம்மையார் இப்போது தவறாமல் வருகிறார். சென்ற முறை அளந்தபோது வலப்பக்கத்தில் 4-ஐத் தாண்டிய எண் எதுவும் இல்லை.