'சிக்னிஃபிகன்ட்' என்னும் அடைமொழி

மருத்துவ ஆய்விதழ்களைப் புரட்டுவோர் ஓர் ஆங்கில அடைமொழியை அடிக்கடி சந்திப்பர். 'சிக்னிஃபிகன்ட்' என்பதே அச்சொல். "இம்மருந்து உண்டோரின் ஆயுள் சிக்னிஃபிகன்ட் ஆக நீண்டது", "இரு பிரிவினரிடையே பக்க விளைவுகளில் சிக்னிஃபிகன்ட் ஆன வேறுபாடு இல்லை" என்பன போன்ற வாக்கியங்கள் அங்கு ஏராளம். நம் நாளிதழ்கள் இச்சொல்லைக் 'குறிப்பிடத்தக்க' என்று பெயர்த்துச் செய்தியாக்குகின்றன. படிப்பவரோ 'பெரிய அளவில்' என்று பொருள் கொள்கிறார். ஆய்வாளர் சொன்னது அதுவன்று. நோயாளி வீட்டில் ஒரு மருந்துக்காக நிலத்தை விற்பதா வேண்டாமா என்று பேசப்படும் வேளையில் இந்தப் பொருள் மயக்கம் வெறும் மொழிப் பிரச்சினையாக நின்றுவிடுவதில்லை.

இலத்தீன் மொழியில் 'சிக்னும்' என்றால் குறி, அடையாளம். ஒன்றன் இருப்பைச் சுட்டிக் காட்டும் அடையாளமே இச்சொல்லின் வேர்ப்பொருள். அரபுலகப் பல்கலைக்கழகங்களில் இக்கருத்தை 'தலாலா இஹ்ஸாயிய்யா' என்கின்றனர். நமக்கு நன்கு பழக்கமான 'தலீல்' என்னும் சொல்லோடு ஒரே வேரில் பிறந்தது 'தலாலா'. சுட்டுதல் என்பதே அதன் பொருள். இவற்றில் எதிலும் 'பெரிது' என்ற பொருள் இல்லை. தமிழின் 'குறிப்பிடத்தக்க' என்பதிலும் 'குறி' இருக்கத்தான் செய்கிறது; வழக்கில்தான் அது அளவைச் சுட்டும் சொல்லாகிவிட்டது.

புள்ளியியலில் இச்சொல்லை 1885-ஆம் ஆண்டிலேயே எட்ஜ்வொர்த் என்னும் அறிஞர் கையாண்டார். இரண்டு சராசரிகளுக்கு இடையிலான வேறுபாடு எதையேனும் சுட்டுகிறதா, தற்செயலானதா என்பதே அவர் எழுப்பிய வினா. அதற்கு இன்று வழங்கும் எல்லைக்கோட்டைப் பரவலாக்கியவர் ரொனால்ட் ஃபிஷர். இங்கிலாந்தின் ராத்தாம்ஸ்டெட் வேளாண் ஆய்வு நிலையத்தில் உரங்களையும் விளைச்சலையும் ஆராய்ந்துகொண்டிருந்த அவர், 1925-இல் ஆய்வாளர்களுக்கென எழுதிய நூலில் இருபதில் ஒன்று, அதாவது 5 விழுக்காடு என்பதை வசதியான எல்லையாகக் கொள்ளலாம் என்றார். வயலில் பிறந்த அளவுகோல் மருத்துவமனைக்கு வந்தது இவ்வாறே. 5 என்ற எண்ணில் இயற்கையின் விதி எதுவும் இல்லை. அது ஒரு வசதி மட்டுமே.

இந்த 5 விழுக்காடு எதனுடையது என்பதில்தான் கற்றோரும் வழுக்கி விழுகின்றனர். நாணயம் ஒன்றைச் சுண்டுகிறோம் என்று கொள்வோம். ஐந்து முறையும் ஒரே பக்கமே விழுகிறது. குறையற்ற நாணயத்தில் இவ்வாறு நேர 16-இல் 1 வாய்ப்பு உண்டு; இது 6.25 விழுக்காடு. ஆறாம் முறையும் அதே பக்கம் விழுந்தால் வாய்ப்பு 32-இல் 1 ஆகி, ஏறத்தாழ 3 விழுக்காட்டுக்கு இறங்குகிறது. ஆய்விதழ் மொழியில், ஐந்தாம் சுண்டலில் 'சிக்னிஃபிகன்ட்' அல்லாதது ஆறாம் சுண்டலில் 'சிக்னிஃபிகன்ட்' ஆகிவிட்டது! நாணயம் மாறவில்லை. 'மருந்துக்குப் பயனே இல்லை என்று வைத்துக்கொண்டால், இவ்வளவு அல்லது இதனினும் மிகுந்த வேறுபாடு தற்செயலாகத் தோன்ற எவ்வளவு வாய்ப்பு?' என்ற கேள்விக்கான விடையே 'பி மதிப்பு' எனப்படுவது. மருந்து பயனற்றதாக இருக்க எவ்வளவு வாய்ப்பு என்பதற்கோ, பயன் எவ்வளவு பெரிது என்பதற்கோ அது விடையன்று.

கணையப் புற்றுநோய்க்கான ஓர் ஆய்வு இதற்குத் தெளிவான சான்று. 2007-இல் வெளியான அவ்வாய்வில் 569 நோயாளிகள் இடம்பெற்றனர். ஒரு பிரிவினர்க்கு வழக்கமான ஜெம்சிடபின் மருந்தோடு எர்லோட்டினிப் சேர்த்துத் தரப்பட்டது; மறு பிரிவினர்க்கு ஜெம்சிடபினோடு போலி மாத்திரை. முதற்பிரிவினரின் இடைநிலை ஆயுள் 6.24 மாதம், மறு பிரிவினர்க்கு 5.91 மாதம். பி மதிப்பு 0.038. ஆகவே ஆயுள் 'சிக்னிஃபிகன்ட்' ஆக நீண்டது. மாதக் கணக்கை நாட்கணக்காக்கினால் அது ஏறத்தாழ பத்து நாள். ஓராண்டு கடந்தும் உயிரோடிருந்தோர் 17 விழுக்காட்டிலிருந்து 23 ஆயினர் என்பதையும் சொல்லுவதே நேர்மை. அந்தப் பத்து நாளைப் பெறத் தோல் தடிப்பும் வயிற்றுப்போக்கும் சிலருக்கு விலையாயின. பத்து நாள் சிறிதா பெரிதா என்பதை நோயாளியும் அவர் குடும்பத்தாருமே முடிவு செய்ய இயலும். அதற்கு அவர்களிடம் 'பத்து நாள்' என்ற செய்தி போய்ச் சேர வேண்டும். 'குறிப்பிடத்தக்க' என்ற சொல் அதை மறைத்துவிடுகிறது.

இதனினும் கொடிய பிழை எதிர்த்திசையில் நேர்வது. 'சிக்னிஃபிகன்ட் ஆன வேறுபாடு இல்லை' என்றவுடன் 'வேறுபாடே இல்லை' என்று படித்துவிடுகிறோம். குறைமாதப் பிரசவம் நேரக்கூடிய கர்ப்பிணிகளுக்கு ஸ்டீராய்டு ஊசி செலுத்தினால் சிசுவின் நுரையீரல் முதிர்ச்சியடையும் என்பதை நியூசிலாந்தின் ஆக்லாந்து நகரில் லிக்கின்ஸ், ஹோவி என்போர் 1972-இல் ஆய்ந்து வெளியிட்டனர். தொடர்ந்து வேறு சில ஆய்வுகளும் வந்தன. பலவும் சிறியவை, பெரும்பாலானவை தனித்தனியே எல்லைக்கோட்டைத் தாண்டவில்லை. அவற்றை ஒன்றுசேர்த்து நோக்கியபோதோ, சிசு மரண வாய்ப்பை அச்சிகிச்சை 30 முதல் 50 விழுக்காடு வரை குறைப்பது தெரியவந்தது. ஆனால் முறையான தொகுப்பாய்வு 1989-இல்தான் வெளியாயிற்று. அதுவரை பெரும்பாலான மகப்பேறு மருத்துவர்கள் இச்சிகிச்சையின் ஆற்றலை உணரவில்லை. இடைப்பட்ட ஆண்டுகளில் பல்லாயிரம் குறைமாதச் சிசுக்கள் தேவையின்றி மடிந்திருக்கக் கூடும் என்பது காக்ரேன் அமைப்பினரின் கணிப்பு. அவ்வாய்வுகளின் வரைபடத்தையே அவ்வமைப்பு தன் இலச்சினையாக வைத்திருக்கிறது.

ஹதீஸ் கலையில் பயிற்சியுடையோர்க்கு இவ்வேறுபாடு புதிதன்று. 'ளயீஃப்' என்பதும் 'மவ்ளூஃ' என்பதும் ஒன்றல்ல என்பதை அவர்கள் அறிவர். ஆதாரம் பலவீனமாயிருப்பது வேறு. செய்தி இட்டுக்கட்டப்பட்டது என்று நிறுவப்படுவது வேறு. கடுமையற்ற பலவீனமுடைய அறிவிப்புகள் பல வழிகளில் வந்து ஒன்றையொன்று தாங்கும்போது 'ஹஸன் லிஃகைரிஹி' என்னும் தரத்தை எட்டுவதும் உண்டு. ஒப்புமையை இதற்கு மேல் நீட்டுதல் கூடாது. அங்கே பலவீனம் அறிவிப்பாளரைச் சார்ந்தது. இங்கே பெரும்பாலும் ஆய்வுக்கு உட்பட்டோரின் எண்ணிக்கையைச் சார்ந்தது. மோசமாக நடத்தப்பட்ட பத்து ஆய்வுகளைச் சேர்த்தாலும் ஒரு நல்ல ஆய்வு கிடைத்துவிடாது.

பல பிரிவுகளாகக் கூறுபோட்டுத் தேடினால் எதையும் கண்டுபிடித்துவிடலாம் என்பதைப் பகடியாகவே காட்டிய ஆய்வு ஒன்றும் உண்டு. மாரடைப்புக்கு ஆஸ்பிரின் தருவதை 17,187 நோயாளிகளிடம் ஆராய்ந்த ஐசிஸ்-2 ஆய்வு 1988-இல் வெளியாயிற்று. மொத்தத்தில் இதய, இரத்தக்குழாய் மரணங்கள் ஏறத்தாழ 23 விழுக்காடு குறைந்தன. நோயாளிகளை உட்பிரிவுகளாகப் பகுத்துக் காட்டும்போது ஆய்வாளர்கள் பிறந்த ராசிவாரியாகவும் பிரித்தனர். மிதுனம், துலாம் ராசியினர்க்கு ஆஸ்பிரின் சற்றே தீங்கு செய்வதாகவும் ஏனைய ராசியினர்க்குப் பெரும்பயன் அளிப்பதாகவும் கணக்கு வந்தது. ராசியை நம்பி அவர்கள் இதைச் செய்யவில்லை. கூறுபோடும் பழக்கத்தின் அபத்தத்தைக் காட்டவே செய்தனர். ராசிக்குப் பதில் வயது, பால், உடல் எடை என்று எழுதியிருந்தால் எத்தனை பேர் நம்பியிருப்போம்!

இச்சொல் நீதிமன்றப் படியும் ஏறியது. மேட்ரிக்ஸ் இனிஷியேட்டிவ்ஸ் என்னும் அமெரிக்க நிறுவனத்தின் சளி மருந்தை மூக்கிலிட்டுக் கொண்டோர் சிலர் மோப்ப உணர்வை இழந்ததாக மருத்துவர்கள் அந்நிறுவனத்திடம் தெரிவித்திருந்தனர். அவ்வறிக்கைகளின் எண்ணிக்கை புள்ளியியல்படி 'சிக்னிஃபிகன்ட்' அன்று, எனவே முதலீட்டாளர்களிடம் சொல்ல வேண்டியதில்லை என்று நிறுவனம் வாதிட்டது. 2011-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் நீதிபதிகள் ஒன்பது பேரும் ஒருமனதாக அவ்வாதத்தை நிராகரித்தனர். மருத்துவர்களும் கட்டுப்பாட்டு அமைப்புகளும் இந்த எல்லைக்கோடு ஒன்றை மட்டும் வைத்து முடிவெடுப்பதில்லை என்பது அத்தீர்ப்பின் சாரங்களுள் ஒன்று.

ஆய்வுலகம் இம்மயக்கத்தை அறியாமலில்லை. மருத்துவ இதழாசிரியர்களின் சர்வதேசக் குழு, 'சிக்னிஃபிகன்ட்', 'நார்மல்', 'ரேண்டம்' போன்ற புள்ளியியல் சொற்களைப் பேச்சு வழக்குப் பொருளில் எழுத வேண்டாமென்று கட்டுரையாளர்களுக்கு அறிவுறுத்தியுள்ளது. பி மதிப்பு விளைவின் அளவையோ முக்கியத்துவத்தையோ அளப்பதன்று என 2016-இல் அமெரிக்கப் புள்ளியியல் சங்கம் வெளிப்படையாக அறிவித்தது. 2019-இல் 'நேச்சர்' இதழில் வெளியான கட்டுரை ஒன்று, இந்தப் பாகுபாட்டுக்கே ஓய்வு கொடுங்கள் என்றது. அறிஞர் 800-க்கும் மேற்பட்டோர் அதற்கு ஒப்பமிட்டனர். எல்லைக்கோட்டை அழித்துவிட்டால் ஆய்வாளர் தம் விருப்பப்படியெல்லாம் முடிவு கூறத் தொடங்குவர் என்று ஜான் அயோனிடிஸ் போன்றோர் மறுத்தனர். இருதரப்பிலும் நியாயம் உண்டு. எனினும் மருத்துவக் கட்டுரையைப் படிக்கும் பொதுவாசகர் அவ்விவாதம் முடியும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. அடைமொழியைத் தாண்டி, வேறுபாடு எவ்வளவு என்ற எண்ணையும், அதனருகே 'நம்பிக்கை இடைவெளி' என்ற பெயரில் தரப்படும் இரு எல்லைகளையும் தேடலாம். ஓர் எல்லை பெரும்பயனையும் மற்றோர் எல்லை சிறு தீங்கையும் காட்டுமாயின், அங்கே 'வேறுபாடு இல்லை' என்பதைவிட 'இன்னும் தெரியவில்லை' என்பதே சரியான வாசிப்பு.

தமிழில் எழுதுவோர்க்கு இதனினும் எளிய வழி ஒன்று இருக்கிறது. 'ஆயுள் குறிப்பிடத்தக்க அளவு நீண்டது' என்று எழுதுமிடத்தில், 'இடைநிலை ஆயுள் ஏறத்தாழ பத்து நாள் கூடியது. மருந்துக்குப் பயனே இல்லையெனில் இத்தகைய வேறுபாடு தற்செயலாகத் தோன்றுவது அரிது' என்று எழுதலாம். சில சொற்கள் கூடும், அவ்வளவே.