லெ ஷம்போன்-சுர்-லினியோன்

லெ ஷம்போன்-சுர்-லினியோன், பிரான்சின் ஓவேர்ன்-ரோன்-ஆல்ப்ஸ் பிரதேசத்தில், ஓத்-லுவார் மாவட்டத்தில் லினியோன் ஆற்றங்கரையில் அமைந்துள்ள ஒரு சிறிய கொம்யூன் ஆகும். கொம்யூன் என்பது பிரான்சின் மிகச் சிறிய உள்ளாட்சி அலகு. நாட்டில் ஏறத்தாழ 35,000 கொம்யூன்கள் உள்ளன. ஒவ்வொன்றுக்கும் ஒரு மேயரும் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றமும் உண்டு. சுமார் 2,500 பேர் வாழும் இவ்வூர், இரண்டாம் உலகப் போரின்போது நாசிகளால் தேடப்பட்ட யூதர்களுக்குப் புகலிடம் அளித்ததால் அறியப்படுகிறது.

புவியியலும் வாழ்க்கையும்

இவ்வூர் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,000 மீட்டர் உயரத்தில் உள்ள மேட்டுநிலத்தில் அமைந்துள்ளது. குளிர்காலத்தில் பூர்ல் எனப்படும் வடகாற்று பனியை வாரி இறைத்துப் பாதைகளை மூடிவிடும். கருங்கல்லால் கட்டப்பட்ட பண்ணை வீடுகள் ஒன்றுக்கொன்று தொலைவில், காடுகளுக்கும் மேய்ச்சல் நிலங்களுக்கும் இடையே சிதறிக் கிடக்கின்றன. கால்நடை வளர்ப்பே நெடுங்காலம் முதன்மைத் தொழிலாக இருந்தது. 19ஆம் நூற்றாண்டின் இறுதி முதல், தொழில் நகரான சென்-எத்தியேனின் குழந்தைகள் தூய காற்றுக்காக இங்கு அனுப்பப்பட்டனர். இதனால் வெளியூர்க் குழந்தைகளைத் தங்கவைக்கும் விடுதிகளும் வழக்கமும் உருவாயின.

சமயப் பின்னணி

கத்தோலிக்கர் பெரும்பான்மையாக உள்ள பிரான்சில், இவ்வூரில் சீர்திருத்தக் கிறித்தவர்களே அதிகம் வாழ்ந்தனர். இவர்களுக்கு வழிபாட்டு உரிமை அளித்த நாந்து அரசாணையை (1598) பதினான்காம் லூயி 1685இல் நீக்கினார். அதன் பின் ஒரு நூற்றாண்டுக் காலம் இவர்களின் முன்னோர் மறைந்து வழிபட்டனர். துன்புறுத்தப்பட்ட அந்நினைவு குடும்பங்களில் வழிவழியாகக் காக்கப்பட்டது.

இரண்டாம் உலகப் போர்

1940 சூன் 22இல் பிரான்சு செருமனியுடன் போர்நிறுத்தம் செய்துகொண்டது. மறுநாள், போதகர்கள் ஆந்திரே டுரோக்மே, எடுவார் தேய் ஆகியோர், மனச்சான்றுக்கு எதிரான வற்புறுத்தலை வன்முறையின்றி எதிர்க்குமாறு சபையினரைக் கேட்டுக்கொண்டனர். அதன் பின் வந்த அகதிகள் பண்ணைகளிலும் விடுதிகளிலும் பள்ளிகளிலும் தங்கவைக்கப்பட்டனர். போலி அடையாள அட்டைகள் உருவாக்கப்பட்டன. சிலர் சுவிட்சர்லாந்துக்கு அழைத்துச் செல்லப்பட்டனர். 1942 ஆகத்து மாதம் காவலர்கள் பேருந்துகளுடன் வந்து தேடியபோது, மறைந்திருந்தோரில் மிகச் சிலரே அகப்பட்டனர். சுற்றியுள்ள கொம்யூன்களும், கத்தோலிக்கரும் இப்பணியில் பங்குகொண்டனர். காப்பாற்றப்பட்டோர் 5,000 பேர் எனப் பல நூல்கள் கூறினும், சில ஆய்வாளர்கள் இதைவிடக் குறைவாக மதிப்பிடுகின்றனர்.

இதற்கு ஊர் விலையும் கொடுத்தது. 1943 சூனில் ஒரு மாணவர் விடுதி சோதனையிடப்பட்டது. அதன் பொறுப்பாளரும் ஆந்திரே டுரோக்மேயின் உறவினருமான தானியேல் டுரோக்மே மாணவர்களுடன் கைது செய்யப்பட்டு, 1944இல் மைதானெக் வதைமுகாமில் இறந்தார். மருத்துவர் ரொழே லெ பொரெஸ்தியே 1944 ஆகத்தில் சுட்டுக் கொல்லப்பட்டார்.

நினைவு

1990இல் இசுரேலின் யாத் வசேம் நிறுவனம் இவ்வூரையும் அண்டை ஊர்களையும் சிறப்பித்தது. ஒரு தனி மனிதருக்கன்றி, ஊர் முழுமைக்கும் அளிக்கப்பட்ட அரிய சிறப்பு இது. எனினும், தாம் செய்தது இயல்பான செயலே என்று கூறிய ஊர்மக்கள் பலர் நெடுங்காலம் அதைப் பற்றிப் பேசவில்லை. 2013இல்தான் இங்கு நினைவு அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. 1938இல் டுரோக்மே, தேய் ஆகியோரால் நிறுவப்பட்ட செவனோல் பள்ளி 2014இல் மூடப்பட்டது.