சுண்ணாம்பு மிகுந்த மேய்ச்சல் தரை: மண்ணின் இயல்பும் பராமரிப்பும்

நிலமுடைய அங்கத்தினர் ஒவ்வொருவரும் தம் வயலின் மண்ணைப் பற்றி ஓரளவேனும் அறிவர். எந்தப் பாத்தியில் நீர் தங்கும், எங்கே பயிர் வெளுக்கும் என்பதை அவர்கள் அனுபவத்தால் கண்டிருப்பர். ஆனால் மேய்ச்சல் தரையின் மண்ணைப் பற்றிச் சிந்திப்போர் மிகச் சிலரே. உழாத நிலம், விதைக்காத நிலம். மழை பெய்தால் புல் முளைக்கும், இல்லையேல் காயும் என்று எண்ணி விட்டுவிடுகிறோம். இந்த எண்ணத்தினாலேயே நல்ல தரைகள் பல கெடுகின்றன. ஆகவே, சுண்ணாம்புச் சத்து மிகுந்த மேய்ச்சல் நில மண்ணின் இயல்புகளையும், அவற்றை அறிந்து நாம் செய்ய வேண்டியவற்றையும், செய்யலாகாதவற்றையும் இங்கே எடுத்துரைக்க விரும்புகிறோம்.

இவ்வகை நிலத்திற்குச் சிறந்த உதாரணம் காங்கயம், தாராபுரம், கரூர் பகுதிகளிலுள்ள கொறங்காடு ஆகும். நாற்புறமும் கிளுவை வேலி. உள்ளே கொழுக்கட்டைப் புல். இடையிடையே வெள்வேல மரங்கள். காங்கயம் மாடுகள் தலைமுறை தலைமுறையாக மேய்ந்து வளர்ந்த தரை இதுவே. மாடுகளுக்குக் காய் உணவாவதும் நிழல் தருவதும் வெள்வேலம். முள்வேலியாய் நிற்பதும் மண்ணை அரிப்பினின்று காப்பதும் கிளுவை. இந்தப் பகுதியை உட்கொண்ட பழைய கோயம்புத்தூர் மாவட்டத்தைப் பற்றி 1887-ஆம் ஆண்டில் ஒரு கையேடு எழுதியவர் பிரெடெரிக் நிக்கல்சன். பின்னர் 1895-லும் 1897-லும் விவசாயக் கடன் பற்றிய தமது அறிக்கையை வெளியிட்டு, நம் கூட்டுறவு இயக்கத்திற்கு வழிகோலியவரும் அவரே. உழவனின் நிலத்தை அறிந்தவரே அவனுக்குக் கடன் கொடுக்கும் முறையையும் ஆராய்ந்தார் என்பது நம் அங்கத்தினர்கள் நினைவில் கொள்ளத்தக்கது.

சுண்ணாம்பு எவ்வாறு வந்தது?

காங்கயம் பகுதி மழை மறைவுப் பிரதேசம். மேற்குத் தொடர்ச்சி மலைக்குக் கிழக்கே அமைந்திருப்பதால் தென்மேற்குப் பருவமழை இங்கே குறைவு. ஆண்டு மழை ஏறத்தாழ 600 மில்லிமீட்டர். அதில் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையில் பெய்வது.

பாறைகள் நாளடைவில் சிதையும்போது அவற்றிலுள்ள சுண்ணாம்புச் சத்து மண்ணில் கலக்கிறது. மழைநீர் மண்ணிலுள்ள கரிவாயுவை ஏற்றுக்கொண்டு சிறிதளவு புளிப்புத் தன்மை அடைகிறது. அந்த நீர் சுண்ணாம்பைக் கரைத்துக்கொண்டு கீழே இறங்குகிறது. நீலகிரி போன்று மிகுந்த மழை பெய்யும் இடங்களில் கரைந்த சுண்ணாம்பு முழுவதும் அடித்துச் செல்லப்படுவதால் மண் புளிப்பாகவே இருக்கிறது. குறைந்த மழையுள்ள இடங்களிலோ நீர் ஓரளவு ஆழம் வரைதான் இறங்கும். பிறகு வேர்களாலும் வெயிலாலும் உலர்ந்துவிடும். அப்பொழுது கரைந்திருந்த சுண்ணாம்பு அந்த ஆழத்திலேயே படிகிறது. நாம் சுக்கான் கல் என்று கூறும் வெண்ணிறக் கட்டிகள் இவ்வாறு உண்டானவையே.

எனவே சுக்கான் படிவு தொடங்கும் ஆழத்தை மழையின் எல்லைக்கல் என்றே கூறலாம். பன்னெடுங்காலமாக மழைநீர் வழக்கமாக எவ்வளவு ஆழம் இறங்கியது என்பதை அது காட்டுகிறது. மேற்பரப்பிலேயே சுக்கான் கல் சிதறிக் கிடக்குமானால், பெரும்பாலும் மேல் மண் அரித்துச் செல்லப்பட்டிருக்கிறது என்று அறிந்துகொள்ள வேண்டும்.

மண்ணில் சுண்ணாம்பு உள்ளதா என்பதை அறிய எளிய வழி உண்டு. ஒரு பிடி மண்ணை எடுத்து, அதன்மேல் எலுமிச்சைச் சாற்றையோ புளித்த காடியையோ விடுங்கள். பொங்கி நுரைத்தால் சுண்ணாம்பு உண்டு. ஆய்வுக் கூடத்தில் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைக் கொண்டு இதையே செய்கின்றனர். மேல் மண், ஒரு முழ ஆழத்து மண், இரண்டு முழ ஆழத்து மண் என்று தனித்தனியே சோதித்தால் சுண்ணாம்பு எங்கே தொடங்குகிறது என்பது விளங்கும்.

ஆழத்தின் மதிப்பு

ஒரே கொறங்காட்டிலும் மண்ணின் ஆழம் ஒன்றுபோல் இராது. மேட்டில் ஒரு சாண் தோண்டினால் பாறையோ சரளையோ தட்டும். சரிவின் அடியில் மூன்று அடிக்குமேல் மண் இருக்கும். மழைக்குப் பின் கடப்பாறையை ஊன்றிப் பார்த்தே இதை அறியலாம். இந்த வேறுபாடு புல்லின் வாழ்நாளையே நிர்ணயிக்கிறது. கணக்கிட்டுப் பார்ப்போம்.

ஓர் ஏக்கரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் சுமார் 4,000 லிட்டர் நீர் விழுகிறது. நல்ல இருமண்பாட்டு நிலத்தில் ஒரு மீட்டர் ஆழ மண், வேர்களுக்குக் கிட்டக்கூடிய நீராகச் சுமார் 150 மில்லிமீட்டரைத் தேக்கி வைக்கும். அது ஏக்கருக்கு ஆறு லட்சம் லிட்டர். முப்பது சென்டிமீட்டர் ஆழமே உள்ள மண் தேக்குவது 45 மில்லிமீட்டர்தான். மழை நின்றபின் புல் நாளொன்றுக்கு நான்கு மில்லிமீட்டர் நீரைச் செலவிடுவதாகக் கொண்டால், ஆழமான மண்ணில் புல் 37 நாள் தாங்கும். ஆழமற்ற மண்ணில் 11 நாளில் வாடும். மண்ணில் பாதி கல்லாயிருந்தால் இந்தக் கணக்கிலும் பாதியே மிஞ்சும். ஆழமான மண்ணை நமது தண்ணீர்ச் சேமிப்பு வங்கி என்று கருதுவது பொருத்தமாகும்.

வடிகாலின் அடையாளம்

தேக்கும் சக்தியோடு வடியும் சக்தியும் வேண்டும். நல்ல வடிகாலுள்ள மண்ணில் மழை நின்ற ஓரிரு நாளில் மிகுதி நீர் கீழே இறங்கிவிடும். வேர்களுக்குக் காற்றுக் கிடைக்கும். இதை மண்ணின் நிறமே கூறும். தோண்டிய குழியின் சுவர் மேலிருந்து கீழ்வரை ஒரே செம்மையாகவோ பழுப்பாகவோ இருந்தால் வடிகால் நன்று. சாம்பல் நிறமும் துருப்புள்ளிகளும் கலந்து காணப்பட்டால் அங்கே நீர் நெடுநாள் தேங்குகிறது. கொழுக்கட்டைப் புல் வறட்சியைத் தாங்கும். ஆனால் நீர் தேங்குவதைத் தாங்காது. அது சுண்ணாம்பு மண்ணிலும் வடிகாலுள்ள தரையிலும் செழிப்பதற்குக் காரணம் இதுவே.

சுண்ணாம்பின் நன்மையும் தீமையும்

சுண்ணாம்பு மண்துகள்களைச் சிறு கட்டிகளாகச் சேர்த்து வைப்பதால் மண் பொலபொலப்பாகிறது. காற்றும் நீரும் எளிதில் நுழைகின்றன. கால்நடைக்கு வேண்டிய கால்சியமும் மேய்ச்சலில் நிறைந்திருக்கிறது. இவை நன்மைகள்.

தீமைகளையும் அறிந்துகொள்ள வேண்டும். இம்மண்ணின் கார அமில நிலை பொதுவாக 7.5-க்கும் 8.5-க்கும் இடைப்பட்டது. இந்நிலையில் மணிச்சத்து சுண்ணாம்போடு சேர்ந்து கரையாத பொருளாகிவிடுகிறது. இரும்பும் துத்தநாகமும் மண்ணில் இருந்தும் பயிருக்குக் கிட்டுவதில்லை. இளந்தளிர் வெளுத்து, நரம்பு மட்டும் பச்சையாயிருந்தால் இரும்புப் பற்றாக்குறை என்று அறியலாம். சோளத்திலும் நிலக்கடலையிலும் இது அடிக்கடி காணப்படுவது.

இதன் விளைவு மாட்டின் உடலிலும் தெரியும். மேய்ச்சலில் கால்சியம் மிகுந்தும் பாஸ்பரஸ் குறைந்தும் இருக்கக்கூடும். முற்றிக் காய்ந்த கோடைப் புல்லில் குறைபாடு இன்னும் அதிகம். மாடு எலும்பையும் துணியையும் கடித்து மென்றால் அதை வெறும் கெட்ட பழக்கம் என்று விரட்டிவிடலாகாது. பாஸ்பரஸ் குறைவின் அறிகுறியாகவும் இருக்கலாம். கால்நடை மருத்துவரின் ஆலோசனைப்படி தாது உப்புக் கலவை கொடுப்பது அவசியம். வெறும் சுண்ணாம்பைத் தீவனத்தில் கலப்பதால் இக்குறை நீங்காது.

பணத்தை வீணாக்காதிருக்க

சுண்ணாம்பை முறித்து மண்ணை மாற்றிவிடலாம் என்று சிலர் எண்ணுவதுண்டு. ஓர் ஏக்கரில் பதினைந்து சென்டிமீட்டர் ஆழ மண்ணின் எடை சுமார் 850 டன். அதில் நூற்றுக்கு ஐந்து பங்கு சுண்ணாம்பு இருந்தால் 42 டன் ஆகிறது. அதை முறிக்கக் கந்தகம் மட்டும் 13 டன்னுக்கு மேல் தேவை. எந்த மேய்ச்சல் தரையும் இச்செலவைத் திருப்பித் தராது. ஆதலால் மண்ணை மாற்ற முயலாமல், அம்மண்ணுக்கு இசைந்த புல்லையும் பயிரையும் தேர்ந்துகொள்வதே விவேகம்.

ஜிப்சத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. அது சோடியம் மிகுந்த களர் நிலத்திற்கு மருந்து. களர் நிலம் வேறு, சுண்ணாம்பு நிலம் வேறு. களர் நிலத்தின் கார அமில நிலை 8.5-க்கு மேற்பட்டது, ஈரத்தில் மண் குழைந்து நீர் இறங்காது. நன்கு வடியும் சுண்ணாம்பு மண்ணின் காரத்தன்மையை ஜிப்சம் குறைக்காது. பாறைப் பாஸ்பேட்டு உரமும் புளிப்பு மண்ணில்தான் கரைந்து பலன் தரும், இங்கே பயனில்லை. யூரியாவை மேலாகத் தூவினால் தழைச்சத்து அம்மோனியாவாகப் பறந்துவிடும். ஈர மண்ணில் புதையுமாறு இட வேண்டும். தொழு உரம் எதற்கும் துணை நிற்கும். 2015-இல் தொடங்கப்பெற்ற மண்வள அட்டைத் திட்டத்தின்கீழ் மண்ணைச் சோதித்து, அதன் பின்னரே உரம் வாங்குதல் நலம்.

தரையைக் காக்கும் முறை

முதலாவது, புல்லை அடிவரை மேயவிடலாகாது. இலையில் ஏறத்தாழப் பாதியை விட்டுவைத்தால் வேர் ஆழமாக ஓடும். ஆழமான மண்ணிலிருந்து நீரை எடுக்கும் சக்தி புல்லுக்கு இருக்கும். ஒட்ட மேய்ந்த புல்லின் வேர் குறுகிவிடும். கீழே நீர் இருந்தும் மேலே புல் காயும்.

இரண்டாவது, தரையைப் பகுதிகளாகப் பிரித்து மாற்றி மாற்றி மேய்க்க வேண்டும். மழை பெய்து தரை நைந்திருக்கும் நாட்களில் கால்நடைகளை விடலாகாது; குளம்புகள் மண்ணை இறுக்கிவிடும்.

மூன்றாவது, வெற்றிடங்களில் கொழுக்கட்டைப் புல்லையும் முயல் மசாலையும் மூன்றுக்கு ஒன்று என்ற அளவில் பருவமழைத் தொடக்கத்தில் விதைக்கலாம். கொழுக்கட்டை விதை இலேசானது. ஒரு சென்டிமீட்டருக்கு மேல் புதைந்தால் முளைப்பது அரிது. ஈர மண்ணோடு கலந்து தூவினால் காற்றில் பறக்காது.

நான்காவது, உழுவதற்குமுன் பன்முறை ஆலோசிக்க வேண்டும். ஆழ உழுதால் அடியிலுள்ள சுண்ணாம்பு மண் மேலே வந்து, விதைத்த பயிர் வெளுக்கும். சரளைக்காகவோ செம்மண்ணுக்காகவோ நிலத்தைத் தோண்ட விடுவது இன்னும் பெருந்தவறு. ஒரு மில்லிமீட்டர் மண் போனாலே ஏக்கருக்கு ஐந்து டன்னுக்கு மேல் போய்விடுகிறது. ஓர் அங்குல மண் உருவாகவோ பல நூற்றாண்டுகள் ஆகும். கிடைத்த கூலி ஓராண்டில் செலவாகிவிடும்; குழியோ பேரப்பிள்ளைகள் காலத்திலும் குழியாகவே இருக்கும்.

நெசவாளர்களுக்கும் இதில் பங்குண்டு

மண்ணைப் பற்றிய பேச்சு நமக்கு எதற்கு என்று நெசவாள அங்கத்தினர்கள் எண்ண வேண்டியதில்லை. மண்ணில் கரைந்த சுண்ணாம்பு கிணற்று நீரில் சேர்ந்து, அந்நீரைக் கடின நீராக்குகிறது. கடின நீரில் சோப்பு நுரைப்பதில்லை. சுண்ணாம்போடு சேர்ந்து வெண்ணிறத் திப்பியாகிவிடுகிறது. அது நூலில் ஒட்டிக்கொண்டால் சாயம் ஒரு சீராகப் பிடிக்காமல் திட்டுத் திட்டாகும். சாயத்தை மாற்றியும் பயன் காணாதோர் நீரைச் சோதித்துப் பார்க்க வேண்டும். கொதிக்க வைத்து ஆறவிட்டால் கடினத்தின் ஒரு பகுதி படிந்துவிடும். மிகுதியைச் சலவைச் சோடாவினால் நீக்கலாம். மழைநீர் இயல்பிலேயே மென்னீர். அதைத் தொட்டியில் சேமித்தால் சோப்பும் மிஞ்சும், சாயமும் மிஞ்சும்.

சங்கத்தின் கடமை

தனி ஒருவர் செய்ய இயலாதவற்றைச் சேர்ந்து செய்வதற்கே நாம் சங்கம் வைத்திருக்கிறோம். ஒவ்வோர் ஊரிலும் மேய்ச்சல் தரைகளின் ஆழத்தைக் குழி வெட்டிப் பார்த்துக் குறித்து வைத்தல், மண் மாதிரிகளையும் கிணற்று நீர் மாதிரிகளையும் ஒருசேரச் சோதனைக்கு அனுப்புதல், புல் விதையையும் தாது உப்பையும் மொத்தமாகக் கொள்முதல் செய்தல் ஆகியவை பெருஞ்செலவின்றி நடக்கக்கூடியவை. கிளுவைப் போத்துகளை ஊன்றி வேலியைப் புதுப்பிக்க ஓர் அங்கத்தினர் மற்றவருக்குக் கொடுத்து உதவலாம்.

தரிசு என்று பத்திரத்தில் எழுதப்பட்டிருப்பதனால் ஒரு நிலம் பயனற்றதாகிவிடாது. ஆழமும் வடிகாலும் உள்ள சுண்ணாம்பு மண், தன் இயல்பறிந்து நடத்துவோருக்குக் குறைந்த மழையிலும் புல் தரும். அடுத்த பருவமழைக்கு முன் அங்கத்தினர்கள் தத்தம் தரையில் ஒரு குழியாவது வெட்டிப் பார்த்து, கண்டதைச் சங்கக் கூட்டத்தில் தெரிவிக்குமாறு கேட்டுக்கொள்கிறோம்.