சுங்கக் காசில் வந்த ரயில்

ஊர் மாறும் கதை – 9

வாஷிங்டனுக்கு மேற்கே, வர்ஜீனியா மாநிலத்தின் ஃபேர்ஃபேக்ஸ் கவுன்ட்டியில், லீஸ்பர்க் பைக்கும் செயின் பிரிட்ஜ் சாலையும் சந்திக்கும் முக்கில் எழுபது, எண்பது ஆண்டுகளுக்கு முன் ஒரு கடையும் சுற்றிலும் பண்ணைகளும்தான் இருந்தன. 1962-ல் டல்லஸ் விமான நிலையம் வந்தது. 1964-ல் பெல்ட்வே சுற்றுச்சாலை முழுமை பெற்றது. 1968-ல் பெரிய மால் திறந்தார்கள். டைசன்ஸ் கார்னர் என்ற அந்த ஊர் வளர்ந்தது இப்படித்தான். 2010 வாக்கில் ஒரு லட்சம் பேர் அங்கே வேலைக்கு வந்துபோனார்கள். குடியிருந்தவர்களோ 20 ஆயிரத்தைத் தாண்டவில்லை. கார் நிறுத்த மட்டும் ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட இடங்கள். எதிர்ச்சாரி ஓட்டலுக்குச் சாப்பிடப் போகிறவர்கூட காரை எடுத்தாக வேண்டிய ஊர்.

2010 ஜூனில் கவுன்ட்டியின் மேற்பார்வையாளர் குழு இதன் தலையெழுத்தை மாற்ற முடிவு செய்தது. 2050-க்குள் ஒரு லட்சம் பேர் குடியிருக்க வேண்டும், இரண்டு லட்சம் வேலைகள் இருக்க வேண்டும், வளர்ச்சியில் முக்கால் பங்கு மெட்ரோ நிலையங்களிலிருந்து அரை மைலுக்குள் அமைய வேண்டும் என்றது திட்டம். ஒரு புறநகரை இந்த அளவுக்குப் பிரித்துக் கட்ட முனைந்தது அமெரிக்காவிலேயே அபூர்வம். திட்டத்தின் அடிப்படை சரி என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. கட்டடங்களை ஒரே இடத்தில் குவித்தால்தான் பக்கத்து ஊர்களான வியன்னாவும் மெக்லீனும் பிம்மிட் ஹில்ஸின் சின்ன வீடுகளும் தப்பும். ஆனால் செலவை யார் தலையில் கட்டினார்கள் என்று பார்க்கும்போதுதான் மனம் ஒப்பவில்லை.

திட்டத்துக்கு முன்பே, டைசன்ஸ் வழியாக வரவிருந்த சில்வர் லைன் மெட்ரோ ரயிலைச் சுரங்கத்தில் கொண்டுபோகச் சொல்லி உள்ளூரில் பெரிய இயக்கமே நடந்தது. செலவு கூடினால் மத்திய அரசின் நிதி கைநழுவிவிடும் என்ற அச்சத்தில், உயர்த்திய தடமே போதும் என்று 2006-ல் ஆளுநர் டிம் கெய்ன் முடிவெடுத்தார். அதனால்தான் இன்று லீஸ்பர்க் பைக்கின் நட்டநடுவே கான்கிரீட் தூண்கள் வரிசையாக நிற்கின்றன. கிரீன்ஸ்பரோ நிலையத்தில் இறங்குகிறவர், கீழே கார்கள் பறந்துகொண்டிருக்க, நடைமேம்பாலம் வழியாகத்தான் சாலையோரம் சேர முடியும். நடந்து வாழும் நகரம் என்று வரைபடம் போட்ட இடத்தில், 2014-ல் ரயில் ஓடத் தொடங்கியபோது பல இடங்களில் நடைபாதை பாதியிலேயே நின்றது.

ரயிலுக்கு ஆன செலவு ஏறத்தாழ 600 கோடி டாலர். அதில் பாதியளவு டல்லஸ் சுங்கச்சாலையில் கார் ஓட்டுகிறவர்களின் காசு. 2008-ல் அந்தச் சாலை, ரயிலைக் கட்டிய விமான நிலைய ஆணையத்தின் கைக்குப் போனது. பிரதான சாவடியையும் ஒரு பக்கச் சாவடியையும் கடக்க 2014-ல் மூன்றரை டாலர்; 2019-ல் 4.75, 2023-ல் 6. போய்வர 12 டாலர். மாதம் 20 நாள் வேலை என்றால் 240 டாலர். விமான நிலையத்துக்குப் போகிறவர்களுக்கு அதே சாலையின் நடுவில் இலவசத் தடம் உண்டு. சுங்கம் கட்டுகிறவர்கள் ரெஸ்டன், ஹெர்ன்டன், இன்னும் மேற்கே ஆஷ்பர்ன் பக்கத்துக் குடும்பங்கள். நம்மூரிலிருந்து ஐ.டி. வேலைக்குப் போனவர்களும் அங்கே நிறையப் பேர் இருக்கிறார்கள். ஆஷ்பர்னுக்கு ரயில் வந்து சேர்ந்தது 2022 நவம்பரில்தான். கட்டணமோ அதற்குப் பல ஆண்டுகள் முன்பிருந்தே ஏறிக்கொண்டிருந்தது. மனை உரிமையாளர்களும் தனி வரி கட்டினார்கள், மறுக்கவில்லை. ஆனால் அவர்களுக்குக் கூடுதல் மாடி எழுப்பும் உரிமை கிடைத்தது. சுங்கம் கட்டியவருக்கு அப்படி எதுவும் இல்லை.

2013-ல் டைசன்ஸ் எல்லைக்குள் சாலைப் பணிகளுக்கென்று இன்னொரு கூடுதல் சொத்து வரியும் வந்தது. ஏற்கெனவே அடுக்ககங்களில் குடியிருந்தவர்கள் எதிர்த்தார்கள், எடுபடவில்லை. கட்டுமான நிறுவனங்கள் தீயணைப்பு நிலையமும் விளையாட்டுத் திடலும் கட்டிக்கொடுத்தன என்பதையும் சொல்ல வேண்டும்.

வீட்டு விவகாரம்தான் எனக்கு அதிகம் உறுத்துகிறது. புதுக் குடியிருப்புகளில் 20 சதவீதம் கட்டுப்படியாகும் விலையில் இருக்க வேண்டும் என்றது 2010 திட்டம். யாருக்குக் கட்டுப்படி? வட்டாரத்தின் இடைநிலை வருமானத்தில் 50 முதல் 120 சதவீதம் சம்பாதிக்கும் குடும்பங்களுக்கு. நாட்டிலேயே மிக அதிக வருமானம் உள்ள வட்டாரங்களில் ஒன்று இது. இடைநிலையைவிட அதிகம் சம்பாதிக்கிறவருக்கும் அந்த ஒதுக்கீட்டில் இடம் இருந்தது. மாலில் துணி மடிக்கிற பெண்ணோ, அலுவலகம் துடைக்கிற தொழிலாளியோ அதன் கடைசிப் படியைக்கூட எட்டுவது கஷ்டம். அவர்கள் தூரத்திலிருந்து பேருந்து மாறி வருகிறார்கள். ஸ்பிரிங் ஹில் நிலையத்தை ஒட்டிக் குறைந்த வருமானக்காரர்களுக்கென்றே 500-க்கும் மேற்பட்ட வீடுகளுக்கு 2022-ல் வேலை தொடங்கியது. கவுன்ட்டி மனம் வைத்தால் முடியும் என்பதற்கு அது சாட்சி.

2020 கணக்கெடுப்பில் டைசன்ஸின் மக்கள்தொகை சுமார் 26 ஆயிரம். இலக்கு ஒரு லட்சம். இனி வரப்போகிற எழுபதாயிரத்துச் சொச்சம் பேரில் அங்கே உழைக்கிறவர்களுக்கு எத்தனை வீடு என்பதை மேற்பார்வையாளர் குழு இப்போதே எழுத்தில் உறுதிசெய்ய வேண்டும். சுங்கத்தை இனியும் ஏற்றக் கூடாது.

(தொடரும்)